துணைக்கால்

காலை ஏழு இருபது ஃபெர்ரி.
எல்லாரும் தீவுக்குள் வரும் நேரத்தில்
நான் தீவைவிட்டுப் போகிறேன்.
பெஞ்சுகள் காலி.
இரவு முழுக்க
பிறர் ரத்தத்தில் அணுக்களை எண்ணிய கை
இப்போது கைப்பேசியைப் பிடித்திருக்கிறது.
நவம்பர் பத்தொன்பது, புதன், காலை ஒன்பது.
இரண்டே இடம் மிச்சம் என்கிறது திரை.
கட்டணம்,
மகளின் பராமரிப்பு நிலையத்துக்கு
ஒரு மாதமும் பத்து நாளும்.

மாதிரித் தேர்வு ஆறு எழுதியாயிற்று.
முதலாவது, குணசீலனின் மைவிக்குள்
ஜன்னல் ஏற்றிவிட்டு: நூற்று நாற்பத்தெட்டு.
அடுத்தது குக்கர் விசில்களுக்கு நடுவே:
நூற்று ஐம்பத்தொன்று.
மூன்றாவதைச் சொல்ல விருப்பமில்லை.
பிறகு ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு.
அவர்கள் கேட்பது ஐம்பத்தைந்து.
ஆய்வகத்தில் ஒரே எண் மூன்று தடவை வந்தால்
கருவியை நம்புவோம்.
இங்கே நானே கருவி.

கணக்கில் ஒருவகைக் கேள்வி உண்டு.
இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு.
இது பெரிதா, அது பெரிதா, சமமா,
இல்லை, கொடுத்த தகவலை வைத்துச்
சொல்ல முடியாதா.
அந்த நாலாவதை நான் தொடுவதே இல்லை.
முடியாது என்றால்
படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று
எக்ஸுக்கு ஒன்று போட்டு, சுழியம் போட்டு,
மைனஸ் போட்டு, நேரத்தைத் தின்று
கடைசியில் சமம் என்று அழுத்துவேன்.
என் தவறுகளில் பாதி அங்கேதான்.

தயாரா என்று கேட்கிறான் குணசீலன்,
தினமும், பல் துலக்கிக்கொண்டே.
நுரையோடு வரும்போது
அது தாயாரா என்று விழுகிறது காதில்.
ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
அதுவாக ஆனபோது யாரும் இதைக் கேட்கவில்லை.
முப்பத்தாறாம் வாரம், ராஜா ஊடா சந்தையில்
மீன் தட்டுக்கு முன்னால் உடைந்தது பனிக்குடம்.
கையில் அரைக் கிலோ கானாங்கெளுத்தி.
மீன்காரர் காசு வாங்கவில்லை.
அதற்காக
இதுவும் அப்படியே வந்து விழட்டும் என்று
விட்டுவிட முடியவில்லை.
பிரசவத்துக்குத் தேதி மாற்றும் வசதி இல்லை.
இதற்கு இருக்கிறது,
அதுதான் தொல்லை.

நடுக்கடலில் அழுத்தினேன்.
வங்கி ஆறு இலக்கம் அனுப்புவதாகச் சொன்னது.
வட்டம் சுற்றியது. சுற்றியது.
நேரம் முடிந்தது, மீண்டும் முயல்க.

முதலில் வந்தது நிம்மதி.
வெட்கமே இல்லாமல் தோள்வரை இறங்கிய நிம்மதி.
அதைச் சாட்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா?
ரத்தம் எடுப்பவர் இன்று விடுப்பு என்றால்
நோயாளிக்கும் இதே முகம்தான், பார்த்திருக்கிறேன்.
நோய் எங்கேயும் போயிருக்காது.

துறைமுகக் கிரேன்கள் பெரிதாகிக்கொண்டு வர
தாமதமாக வந்து சேர்ந்தன
செத்துப்போன ஆறு இலக்கங்கள்.

எனக்குத் தெரிந்தது, இடப்பக்கம்.
அவர்கள் கேட்கப்போவது, வலப்பக்கம்.
விடை நாலு.
சொல்ல முடியாது.
அதற்கும் முழு மதிப்பெண்தான் தருகிறார்கள்.

கீழே மோட்டார் சைக்கிள்கள் உறுமத் தொடங்கின.
மறுபடி அழுத்தினேன்.
இந்தத் தடவை உடனே வந்தது.
ஓரிடம் மிச்சம் என்று மாறியது திரை,
அது இனி வேறு யாருடைய தலைவலியோ.

சியூ ஹூனுக்கு எழுதினேன்:
பதினெட்டாம் தேதி இரவு
என் ஷிஃப்டை எடுத்துக்கொள்கிறாயா?
எதற்கு என்றாள்.
தேர்வு என்று அடித்தேன். அழித்தேன்.
மறுநாள் காலையில் பல் பிடுங்க வேண்டும்
என்று அனுப்பினேன்.
ஐயோ, ரொம்ப வலிக்கிறதா?
கொஞ்சம், என்றேன்.